பெரட்டுத் தப்பு

நாகேஸ்வரி அன்ரி எதையாவது கேட்டால் மாட்டேன் என்று சொல்ல இராஜேஸ்வரிக்கு வாய் வராது. மெல்பேர்னுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், தாதியர் விடுதியில் காய்ச்சலோடு தனியே கிடந்தவளுக்கு ஒரு சட்டி ரசமும் கம்பளிப் போர்வையும் கொண்டு வந்து கொடுத்தவர் அவர். அன்ரியின் கணவர் மகேந்திரராஜா அதே ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வைத்தியர். இருவரும் யாழ்ப்பாணத்தார். பிள்ளை இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். நல்லது கெட்டது விசாரிப்பார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருப்பார்கள்.

"ஆரும் கேட்டால் கண்டிப் பக்கம் எண்டு சொல்லும் பிள்ளை," என்று அன்ரி முதல் நாளே சொல்லிவைத்தார். "பொய் இல்லைத்தானே."

பொய் இல்லைதான். அட்டனுக்கு மேலே இருந்த டன்மோர் தோட்டத்துக்குக் கண்டியிலிருந்து ரயிலில்தான் போகவேண்டும். ஆனால் கண்டிப் பக்கம் என்றால் கேட்பவர் மனதில் ஓட்டு வீடும் அரசாங்கக் கச்சேரி உத்தியோகமும் வந்து நிற்கும். தேயிலைத் தோட்டத்து லயம் என்றால் வேறு படம் வரும். வரிசையாக இருபது வாசல், வாசலுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு குடும்பம். அதில் பதினேழு வயது வரை வளர்ந்தவள் இராஜேஸ்வரி. பிறகு இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டதன்படி அவள் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டது. சென்னையில் தாதிப் படிப்பு, அங்கிருந்து மெல்பேர்ன். இரண்டு வருஷமாக யார் கேட்டாலும் அவள் கண்டிப் பக்கம் என்றே சொல்லி வந்தாள். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடிக்கும், அதுவும் பழகிவிட்டது.

1976 மே மாதத்தில் அன்ரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எங்கட சிலோன் நண்பர்கள் சங்கம் ஒரு பின்னேரக் கூட்டம் வைக்குது. மிஸ்டர் ஆட்கின்ஸ் தேயிலையைப் பற்றிப் பேசுறார். நீர் ஒரு நல்ல சீலை உடுத்து வந்து தேத்தண்ணி ஊத்தித் தந்தால் போதும். கதைக்க வேண்டிய தேவை ஒண்டும் இல்லை."

"சரி அன்ரி, வாறேன்," என்றாள் இராஜேஸ்வரி.

சிலோன் ஸ்ரீலங்காவாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. சங்கத்தார் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதில் பாதிப்பேர் ஓய்வு பெற்ற தோட்டத்துரைமாரும் அவர்கள் மனைவிமாரும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இங்கிலாந்தின் குளிருக்குத் திரும்ப மனமில்லாமல் இங்கே வந்து வீடு வாங்கியவர்கள். மீதிப்பேரில் ஐரோப்பியர் வழிவந்த கொழும்புப் பறங்கியர் சிலர், மகேந்திரராஜா போன்ற டாக்டர்கள் சிலர்.

கூட்டம் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான பழைய மண்டபத்தில். மரத்தரை, உயரமான கூரை, சுவரோரமாகக் குளிர்காய ஒரு காஸ் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. இராஜேஸ்வரி மாம்பழ நிறப் பட்டுச் சீலையில் நேரத்தோடே போய்ச் சேர்ந்தாள். மேசைகளில் ஆட்கின்ஸின் சேகரிப்புகளைப் பரப்பியிருந்தார்கள். கொழுந்துக் கூடை, தேயிலைப் பெட்டி, யானைத் தந்தத்தில் செதுக்கிய புத்தர், மூடுபனிக்குள் மலைகள் நிற்கும் புகைப்படங்கள். பீங்கான் கிண்ணங்களில் ஏழெட்டு வகைத் தேயிலை. வந்தவர்கள் குனிந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார்கள்.

அவளும் ஒரு கிண்ணத்தை முகர்ந்தாள். இந்த மணம் டன்மோரில் ஃபாக்டரிப் பக்கம் காற்று வீசும்போது மட்டும் வரும். லயத்துக்குக் கொடுத்தது சலித்து மிஞ்சிய தூள். கறுப்பாகக் கொதிக்கவைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள். தன் தோட்டத்துத் தேயிலை எப்படி இருக்கும் என்பதை மெல்பேர்ன் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் மகள் கொடுத்த கோப்பையில்தான் அவள் முதலில் அறிந்தாள்.

கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிர்ச்சுவரில் தப்பு தொங்கியது.

வட்டமான மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல். அடிக்கும் குச்சிகள் இரண்டும் பக்கத்திலேயே ஒரு கயிற்றில் தொங்கின. கீழே ஒரு அட்டை. தோட்டத் தொழிலாளரின் திருவிழா மேளம், தயவுசெய்து தொடவேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

திருவிழாவுக்கும் அடிப்பார்கள்தான். சாவுக்கும் அடிப்பார்கள். ஆனால் சட்டத்தின் ஒரு பக்கம் தோள்பட்டையில் உரசி உரசித் தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் இது எதற்கு அடித்த தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் விடிய முன்பே ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு வரவழைக்க ஒருவன் லயம் லயமாக நடந்து தப்படிப்பான். பெரட்டில் ஆள் எண்ணி அன்றைய வேலைக்குப் பிரித்து விடுவார்கள். பிந்தி வந்தவருக்கு அன்று பேர் இல்லை, கூலியும் இல்லை. டன்மோரில் அந்தத் தப்பை அடித்தவர் ஆண்டியப்பன். அவளுடைய அப்பா.

அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்ததே இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கில் சுருண்டு கிடக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள் வந்து அது உதைக்கும். காதை இரண்டு கையாலும் பொத்தினாலும் முதுகெலும்பு வழியே ஏறும். பனியில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பெண்கள் தூக்கக் கலக்கத்தில் அப்பாவைத் திட்டிக்கொண்டே வெளியே வருவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் அவளை அதே பெயரால்தான் கூப்பிட்டார்கள்: தப்படிச்சான் மகள்.

ஆட்கள் வந்து நிறைந்ததும் அவள் அட்டையிலிருந்து கண்ணை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

ஆட்கின்ஸ் எழுபதைத் தாண்டிய முன்னாள் தோட்டத்துரை. சிவந்த முகம், நல்ல குரல். தன்னுடைய சிலோனை ஐந்து புலன்களாலும் நினைத்துப் பார்க்கப் போவதாகச் சொல்லித்தான் தொடங்கினார். கண்ணுக்கு மூடுபனியும் பச்சையும். மூக்குக்கு ஃபாக்டரியில் இலை வாடும் மணம். நாக்கைப் பற்றிச் சொல்லும்போது கோப்பையைத் தூக்கிக் காட்டி உறிஞ்சினார். மண்டபமே அவரோடு சேர்ந்து உறிஞ்சியது.

"அடுத்தது தொடுகை," என்றவர் தேத்தண்ணி மேசைப் பக்கம் திரும்பினார். தோட்டத் தமிழ் இன்னும் மறக்கவில்லை என்று கூட்டத்தாரிடம் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "ஏய், பொண்ணு. இங்கே வா. சுருக்கா வா. கையைக் காட்டு," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் கெடுதல் இல்லை. ஒரு கிழவர் பழைய பாஷை பேசுவதைக் கேட்ட சந்தோஷம். இராஜேஸ்வரி தேத்தண்ணிக் கேத்தலோடு அப்படியே நின்றாள். அன்ரி தூரத்திலிருந்து போகும்படி தலையை அசைத்தார். அவள் கேத்தலை வைத்துவிட்டுப் போனாள்.

ஆட்கின்ஸ் அவள் வலது கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் உயர்த்தினார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

"பாருங்கள். மெலிந்த, மென்மையான விரல்கள். இந்தப் பெண்களின் விரல்களை இயற்கையே கொழுந்து கிள்ளுவதற்கென்று படைத்தது. எந்த இயந்திரமும் இதற்கு ஈடாகாது."

அந்தக் கையால் அவள் அன்று காலையில்தான் ஒரு கிழவரின் தொடைத் தசையில் ஊசி போட்டிருந்தாள். அவள் அம்மாவின் கை அவளுக்கு ஞாபகம் வந்தது. விரல் நுனிகள் தேயிலைக் கறையில் கறுத்து, பாளம் பாளமாக வெடித்து, பிள்ளையின் முகத்தைத் தடவினால் சொரசொரவென்று கீறும் கை. மென்மை என்ற சொல்லுக்கும் அந்தக் கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவர் கையை விடாமலே பேச்சைத் தொடர்ந்தார்.

"கடைசியாகச் செவி. அதோ அந்த மேளம். இருட்டில் எங்கோ தூரத்தில் அது கேட்கும். ஒரு குழந்தையின் இதயத்துடிப்புப் போல, மெதுவாக, இதமாக. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எனக்குத் தெரியும். திரும்பிப் படுத்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை."

இராஜேஸ்வரி கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்கள் அதை எங்கேயிருந்து கேட்டீர்கள்?" என்றாள் ஆங்கிலத்தில்.

ஆட்கின்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்தது. "பங்களாவிலிருந்து. மலை உச்சியில்."

"நான் லயத்து வாசலிலிருந்து கேட்டேன். அட்டனில் டன்மோர் தோட்டம்." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அதே சத்தம்தான். நான் கேட்ட தூரத்திலிருந்து நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்."

யாரும் ஏதும் சொல்லுமுன் அவள் போய்த் தப்பைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டாள். விரலால் சுண்டிப் பார்த்தாள். ஈரக் குளிரில் தோல் தொய்ந்து சோர்ந்திருந்தது. நேரே காஸ் அடுப்புக்கு முன்னால் போய்க் குந்தி, தப்பை நெருப்புக்குக் காட்டினாள்.

இது நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து ஒரு கிழவி கைதட்டினாள். வேறு சிலரும் தட்டினார்கள். இராஜேஸ்வரி அவசரப்படவில்லை. அப்பா தினமும் செய்ததைப்போல் தப்பை மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சினாள். தோல் சூடேறி ஒருவித மிருக வாடை எழுந்து, கிண்ணங்களில் இருந்த தேயிலை மணத்தின் மேல் படர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். மறுபடி சுண்டியபோது தோல் டங்கென்றது.

அவள் எழுந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகி, தப்பைத் தோளில் சாய்த்து அடித்தாள்.

அவள் ஒருநாளும் அடித்ததில்லை. பெண்பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. ஆனால் பதினேழு வருஷம் ஒவ்வொரு விடியலிலும் உடம்புக்குள் அடித்துப் பதிந்தது கைக்கு வந்துவிட்டது. மரத்தரையும் உயரக் கூரையும் சத்தத்தை வாங்கித் திருப்பி எறிந்தன. கோப்பைகள் தட்டுகளில் நடுங்கின. முதலில் சிலர் முறுவலித்துக் காலால் தாளம் போடப் பார்த்தார்கள். முடியவில்லை. அது ஆடுவதற்கான அடி அல்ல. காலுக்கு அதில் இடமில்லை; எழும்பு எழும்பு என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தது. முறுவல்கள் வாடின. காதுக்கருவி வைத்திருந்த ஒருவர் அதைக் கழற்றிப் பையில் போட்டார்.

"போதும், நன்றி," என்றார் ஆட்கின்ஸ்.

அவள் நிறுத்தவில்லை.

மகேந்திரராஜா வேகமாக வந்து அவள் காதருகே குனிந்தார். முகம் வியர்த்திருந்தது. "பிள்ளை, விடும். இது சாவீட்டுச் சாமான். இதைத் தொடுறது ஆரெண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியும். ஆற்றை பிள்ளை எண்டு கேக்கப் போகினம்."

"தப்படிக்கிற ஆண்டியப்பன் மகள்னு சொல்லுங்க டொக்டர்," என்றாள் அவள். கை ஓயவில்லை.

டாக்டர் பின்வாங்கினார். அவள் கூட்டத்தைப் பார்த்து, அடிக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சொன்னாள்: "தோட்டத்தில் கடைசிக் கதவு திறக்கும் வரைக்கும் இது நிற்காது. இங்கேயும் எல்லோரும் எழுந்து நின்றால் நிறுத்துகிறேன்."

பின்வரிசையில் ஒரு பறங்கிக் குடும்பம் முதலில் எழுந்தது. கோபித்துக்கொண்டு வெளியேறவென்று எழுந்தவர்களும் இருந்தார்கள்; சத்தம் தாங்காமல் எழுந்தவர்களும் இருந்தார்கள். ஒரு துரையின் மனைவி எதற்கென்றே தெரியாமல், பக்கத்தில் இருப்பவர் எழுந்ததால் எழுந்தாள். நாற்காலிகள் தரையைக் கீறின. நாகேஸ்வரி அன்ரி எப்போது எழுந்தார் என்று இராஜேஸ்வரி கவனிக்கவில்லை. பார்த்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். ஆட்கின்ஸ் மட்டும் மேடைக் கதிரையில் போய் உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்.

அவளும் அவரைப் பார்த்தே அடித்தாள். கை எரிந்தது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவர் கண்களில் கோபம் இருந்தது; பிறகு அது மெல்ல வேறு ஏதோவாக மாறியது. உட்கார்ந்திருப்பது தான் ஒருவர் மட்டுமே என்பது அவருக்கே தாங்க முடியாமல் போயிருக்க வேண்டும். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கடைசி அடியில் பழைய தோல் நடுவே கிழிந்தது.

"பெரட்டுக்கு வந்தாச்சு," என்றாள் இராஜேஸ்வரி தமிழில், அவருக்கு. "இனி வேலைக்குப் போகலாம்."

தப்பை மேசைமேல் வைத்துவிட்டு, மேற்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் தலைக்குள் ஒரு தெளிவு. யாரோ வந்து அடைத்திருந்த காதைத் திறந்துவிட்டதுபோல டிராம் சக்கரங்கள் வளைவில் கிறீச்சிடுவது துல்லியமாகக் கேட்டது.

செய்தி ஆஸ்பத்திரியிலும் பரவியது. மகேந்திரராஜா வார்டில் அவளைக் கண்டால் நோயாளியின் அட்டையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். இரண்டு வாரம் கழித்து அவரே வந்து பேசினார். "ஆட்கின்ஸ் ஞாயிறு மத்தியானம் எங்கட வீட்டை வாறார். நீரும் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடும். அதோட முடிஞ்சுது. எனக்காகச் செய்யும்."

அவள் போனாள். அவர்கள் உப்பைத் தின்றவள், போகாமல் இருக்க முடியவில்லை. முன்னறையில் ஆட்கின்ஸ் உட்கார்ந்திருந்தார். குசினியிலிருந்து இறைச்சிக் கறி மணந்தது. அன்ரி உள்ளே இருந்தார்.

"உட்கார், பெண்ணே," என்றார் ஆட்கின்ஸ் பெருந்தன்மையோடு. "நடந்தது நடந்துவிட்டது. ஒரு மன்னிப்பு, அவ்வளவுதான்."

"தோல் கிழிந்ததற்கு வருந்துகிறேன்," என்றாள் அவள் நின்றபடியே. "அடித்ததற்கு வருந்தவில்லை."

மகேந்திரராஜா தொண்டையைச் செருமினார். ஆட்கின்ஸ் சிரிக்க முயன்றார். "நான் அந்தச் சத்தத்தை நேசித்தவன். அதை நீ ஏன் எனக்கெதிராகத் திருப்பினாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை."

"எங்கள் லயத்தில் ஒருத்திக்கு இராத்திரி பிள்ளை பிறந்தது," என்றாள் இராஜேஸ்வரி. "விடிய அப்பா அவள் வாசலில் மட்டும் அடிக்காமல் தாண்டிப் போனார். பெரட்டில் அவளைக் காணவில்லை. ஆள் எண்ணும் கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் அப்பாவைக் காதோடு சேர்த்து அறைந்தார். அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அப்போதும் பங்களாவில் உங்களைப்போல ஒருவர் திரும்பிப் படுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்."

"அது என் தோட்டம் இல்லையே," என்றார் ஆட்கின்ஸ். குரல் இறங்கியிருந்தது.

"இல்லை. உங்கள் தோட்டத்தில் யாருடைய காது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குவளையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். மகேந்திரராஜா, "இராஜேஸ்வரி, போதும்," என்றார். அவளும் போதும் என்றுதான் நினைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினாள்.

"நில்லும் பிள்ளை."

குசினி வாசலில் அன்ரி நின்றார், கையில் சோற்றுக் கோப்பையோடு. எவ்வளவு நேரம் நின்றாரோ. கோப்பையை மேசையில் வைத்தார், ஏப்பிரனைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"கறி அடுப்பில இருக்கு. நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ," என்றார் கணவரிடம். "நான் இவவை டிராம் வரைக்கும் விட்டிட்டு வாறன்."

"நாகேஸ், விருந்தாளி இருக்கிறார்," என்றார் மகேந்திரராஜா.

"இவவையும் நாங்கள்தான் கூப்பிட்டனாங்கள்."

இருவரும் வெளியே வந்தார்கள். வெயில் இருந்தது, சூடு இல்லை. அன்ரி சப்பாத்துகூட மாற்றாமல் வீட்டுச் செருப்போடு நடந்தார். நிறுத்தத்துக்கு வந்த பிறகு கேட்டார்:

"அந்தப் பிள்ளை பெத்த மனுசி. அவ அடுத்த நாள் வேலைக்குப் போனவவே?"

"போனாங்க அன்ரி. அடுத்த நாள் அப்பா அவங்க வாசல்ல நின்னு அடிச்சாரு. மத்த வாசலை விடக் கூடவே அடிச்சாரு."

அன்ரி ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். டிராம் வந்து நின்றது. இராஜேஸ்வரி ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அன்ரியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

"எங்க அன்ரி வாறீங்க? அங்க சோறு ஆறிடுமே."

"ஆறட்டும்," என்றார் நாகேஸ்வரி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து.